சபா கச்சேரியைச் சிறிய ரெக்கார்டரில் நன்றாக ஒலிப்பதிவு செய்வது எப்படி?

ஒரு பக்கத்தில் சுமார் மூன்றரை நிமிடம் மட்டுமே ஓடிய 78 சுற்று இசைத்தட்டுகளில் முழு ராக ஆலாபனைக்கோ, மிருதங்கம் தனித்து ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்துக்கோ இடமிருக்கவில்லை. 1950களிலும் 60களிலும் நடந்த முழுக் கச்சேரிகள் சிலவற்றை நாம் இன்று கேட்க முடிகிறதென்றால், அதற்கு வானொலி நிலையங்களோடு, கனத்த ஸ்பூல் டேப் ரெக்கார்டரைச் சபாவுக்குத் தூக்கிச் சென்ற ரசிகர்களும் காரணம். இன்று அந்த வேலையைச் சட்டைப் பையில் அடங்கும் கருவியே செய்துவிடும். ஆயினும் பதிவின் தரத்தை முடிவு செய்பவை கருவியை வைக்கும் இடமும் ஒலி அளவும்தான். இரண்டையும் தொடக்கத்திலேயே தீர்மானித்தாக வேண்டும். பிறகு கணினியில் சரிசெய்துகொள்ளலாம் என்ற எண்ணம் பெரும்பாலும் பலிப்பதில்லை.

படி 1: அனுமதி

பாடகரிடமும் சபாவிடமும் முன்னதாகவே கேட்டு அனுமதி பெறுங்கள். பதிப்புரிமைச் சட்டம் நிகழ்த்துகலைஞருக்குத் தம் நிகழ்ச்சியின் மேல் உரிமை அளிக்கிறது. பதிவை இணையத்தில் ஏற்ற விரும்பினால் அதற்கென்று தனியாகச் சம்மதம் வாங்குவது அவசியம். பக்கவாத்தியக்காரர்களையும் கேட்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

படி 2: கருவி

இரண்டு மைக்குகள் உள்ளேயே பொருத்தப்பட்ட, ஒலியைச் சுருக்காத வேவ் கோப்பாகப் பதியக்கூடிய கையடக்க ரெக்கார்டர் தொடக்கத்துக்குப் போதும். சூம், டாஸ்கேம் போன்ற நிறுவனங்களின் சிறிய கருவிகள் இவ்வகையைச் சேர்ந்தவை. கைப்பேசியிலும் பதியலாம், ஆனால் பல கைப்பேசிகளில் பதிவு அளவு தானாகவே ஏறி இறங்கும். மிருதங்கம் ஓங்கி ஒலித்ததும் அளவு சுருங்க, அதோடு தம்புராவும் அமிழ்ந்து போய், மிருதங்கம் நின்றதும் மெல்ல மேலே வரும். இந்த ஊசலாட்டத்தைப் பிறகு நீக்க வழியில்லை. ஆகையால் எந்தக் கருவியானாலும் தானியங்கி அளவுக் கட்டுப்பாட்டை முதலில் அணைத்துவிடுங்கள்.

பதிவுத் தரத்தை 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்று அமையுங்கள். இது ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1 ஜிபி இடம் கொள்ளும் என்பதால், மூன்று மணி நேரக் கச்சேரிக்கு 8 ஜிபி அட்டை தாராளமாகப் போதும். புதிய பேட்டரிகளைப் போடுங்கள். இன்னொரு ஜோடியையும் கையில் வைத்திருங்கள். ரெக்கார்டரை நிறுத்தச் சிறிய முக்காலி ஒன்றும், காதை முழுதாக மூடும் ஹெட்போன் ஒன்றும் வேண்டும்.

குறைந்த சுருதி ஒலிகளை வெட்டும் வசதியைப் பற்றி ஒரு எச்சரிக்கை உண்டு. குளிர்சாதன இரைச்சலைக் குறைக்க அதைப் போட்டுவிடுமாறு பல வழிகாட்டிகள் சொல்லும். நம் கச்சேரிக்கு அது பொருந்தாது. மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் எழும் கும்கி என்ற கனத்த ஒலியும் அந்த இரைச்சலும் ஏறக்குறைய ஒரே பகுதியில் இருப்பதால், ஒன்றை வெட்டினால் மற்றதும் மெலியும். கும்கி மெலிந்த மிருதங்கத்தைக் கேட்பதைவிடச் சிறிது இரைச்சலைப் பொறுத்துக்கொள்வதே மேல் என்பது என் கருத்து.

படி 3: இடம்

பதிவின் பெரும்பகுதி இங்கேதான் தீர்மானமாகிறது. சபாவில் எந்த நாற்காலியை வந்தடையும் ஒலியும் மூன்றின் கலவை: மேடையிலிருந்து நேரே வருவது, ஒலிபெருக்கியிலிருந்து வருவது, சுவரிலும் கூரையிலும் மோதித் திரும்பும் மண்டபத்தின் முழக்கம். பின்வரிசைக்குப் போகப் போக முழக்கம் மற்ற இரண்டையும் விழுங்கிவிடும். சாகித்தியத்தின் சொற்கள் கரையும், பிருகாக்கள் என்னும் வேகமான ஸ்வர உருட்டல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நேரில் கேட்கும்போது நம் இரு காதுகளும் மூளையும் சேர்ந்து முழக்கத்தை ஒதுக்கிப் பாட்டைப் பற்றிக்கொள்கின்றன. மைக்குக்கு அந்தத் திறமை கிடையாது.

ஆகவே இடம் தேடும்போது ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்டுப் பாருங்கள். மைக் கேட்கப்போவது ஏறக்குறைய அதைத்தான். எந்த நாற்காலியில் அப்படிக் கேட்டாலும் சொல் தெளிவாக விழுகிறதோ, அதுவே உங்கள் இடம். என் அனுபவத்தில் அது இரண்டாவது அல்லது மூன்றாவது வரிசையின் நடுப்பகுதியாகவே அமைகிறது. பக்கவாட்டில் உள்ள ஒலிபெருக்கிப் பெட்டிக்கு நேர் எதிரே அமர்ந்தால் ஓசை பெரிதாக இருக்கும், ஆனால் மேடையின் அமைப்பு பதிவில் தெரியாமல் போகும்.

பாடகர் நடுவிலும், வயலின் ஒரு புறத்திலும், வலந்தலை என்னும் வலப்பக்கம் சபையைப் பார்க்கும்படி மிருதங்கம் மறு புறத்திலும் இருப்பதால், ரெக்கார்டரின் மூக்கு, அதாவது மைக்குகள் உள்ள முனை, பாடகரை நேராக நோக்க வேண்டும். சற்றே திரும்பினாலும் கச்சேரி முழுவதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஒலிக்கும். முன்வரிசைத் தலைகள் மறைக்காத உயரம் வேண்டும். பின்னால் இருப்பவரின் பார்வையையும் மறைக்கக் கூடாது. கருவியைக் கையில் பிடித்திருக்கவோ நாற்காலிக் கைப்பிடியில் வைக்கவோ வேண்டாம், ஏனெனில் விரலின் உராய்வும் பக்கத்து ரசிகர் தொடையில் போடும் தாளமும் அப்படியே ஏறிவிடும்.

மைக் இல்லாமல் நடக்கும் கச்சேரி கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவில் சிறுவர்கள் அப்படிப் பாடுவதுண்டு. ஒலிபெருக்கியின் குறுக்கீடு இல்லாததால், இன்னும் அருகில் வைத்துப் பழகிக்கொள்ள அது நல்ல களம். திறந்தவெளி என்பதால் நுரைப்பஞ்சு உறையை மட்டும் மைக்கில் மாட்டிக்கொள்ளுங்கள். கோயில் நாகஸ்வரத்துக்கோ இதற்கு நேர்மாறாக விலகி நிற்க வேண்டும். தவிலின் ஓசையில் மைக்கே திணறிவிட்டால், அளவைக் குறைத்துப் பயனில்லை. நாலடி பின்னே போவதுதான் மருந்து.

படி 4: ஒலி அளவு

புதியவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கே. கச்சேரியின் தொடக்க உருப்படியான வர்ணத்தின்போது அளவு முள் மேலே வரை ஆடட்டும் என்று வைத்துவிடுகிறார்கள். வர்ணத்தில் பாடகரின் குரல் இன்னும் முழுதாகத் திறந்திருக்காது. தார ஸ்தாயி என்னும் மேல் ஸ்தாயிச் சஞ்சாரமும், தனி ஆவர்த்தனத்தின் முடிவில் வரும் மோராவும் கோர்வையும், அதைத் தொடரும் கைதட்டலும் வெகு தூரம் மேலே போகும். எண்ணிலக்கப் பதிவில் 0 டெசிபெலைத் தாண்டிய ஒலி தட்டையாக வெட்டுப்பட்டுக் கரகரக்கும். அதை மீட்க முடியாது. எனவே வர்ணத்தின் உச்சங்கள் −18 டெசிபெல் அருகே நிற்குமாறு வையுங்கள். பதிவு சன்னமாகத் தோன்றினாலும் கவலைப்பட வேண்டாம். 24 பிட் பதிவைப் பின்னர் தாராளமாக உயர்த்தலாம். ஒருமுறை வைத்த அளவை இடையில் தொடாதீர்கள்.

படி 5: பதிவைத் தொடங்குதல்

சுருதி சேர்க்கும்போதே பதிவைத் தொடங்கிவிடுங்கள். பல ரெக்கார்டர்களில் சிவப்புப் பொத்தானை முதல்முறை அழுத்தினால் கருவி தயார் நிலைக்குத்தான் போகும். இரண்டாம் முறை அழுத்தினால்தான் பதிவு ஓடும். இதை அறியாமல் நான் ஒரு மாலை முழுவதும் விளக்கு மினுக்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்து, ஓர் அருமையான தோடி ஆலாபனையை இழந்தேன். விநாடி எண் நகர்கிறதா என்று பார்த்த பிறகே கையை எடுங்கள். பிறகு பொத்தான்களைப் பூட்டிவிடுங்கள். முதல் இரண்டு நிமிடம் ஹெட்போனில் கேட்டால் போதும்.

படி 6: மிக்சரிலிருந்து நேரடி இணைப்பு

ஒலியமைப்பாளர் இசைந்தால், மேடை மைக்குகளின் ஒலியைக் கலக்கும் மிக்சர் கருவியின் லைன் அவுட்டிலிருந்தும் பதியலாம். அதை ரெக்கார்டரின் லைன் இன்னில் மட்டுமே செருகுங்கள். மைக் துளையில் செருகினால் ஒலி சிதையும். இப்படி வரும் பதிவில் குரல் மிகத் தெளிவாக இருக்கும், ஆனால் சிறிய அரங்கில் மிருதங்கம் மெலிந்து ஒலிக்கும். இயல்பாகவே ஓங்கிக் கேட்கும் வாத்தியத்தை ஒலியமைப்பாளர் அதிகம் ஏற்றமாட்டார். ஆகவே அரங்கில் வைத்த இரண்டாவது ரெக்கார்டரின் பதிவோடு கலப்பதே சிறந்தது. ஒலி 10 மீட்டர் கடக்க ஏறக்குறைய 29 மில்லிவிநாடி எடுப்பதால் அரங்கப் பதிவு பின்தங்கியிருக்கும். வலந்தலையில் விழும் கூர்மையான சாப்பு அடி ஒன்றைக் கண்டுபிடித்து இரண்டையும் அதில் பொருத்துங்கள். இரு கருவிகளின் கடிகாரமும் சிறிது சிறிதாக விலகும் என்பதால், உருப்படிக்கு உருப்படி மீண்டும் பொருத்த வேண்டியிருக்கும்.

படி 7: வீட்டுக்கு வந்த பிறகு

முதலில் மூலக் கோப்பை இரண்டு இடங்களில் நகலெடுங்கள். பிறகு இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டியில் நகலைத் திறந்து, முன்னும் பின்னும் வெட்டி, மொத்த அளவை உயர்த்தினால் வேலை ஏறக்குறைய முடிந்தது. இரைச்சல் நீக்கும் வசதியைத் தொடவே வேண்டாம். மாறாமல் தொடர்ந்து ஒலிப்பதை இரைச்சல் என்று எண்ணும் அந்தக் கருவிக்குத் தம்புராவும் இரைச்சல்தான். சுருதியை அரித்துவிட்டு, குரலைத் தண்ணீருக்குள் பாடுவதுபோல் ஆக்கிவிடும்.

கோப்பின் பெயரில் தேதி, இடம், கலைஞர்கள் பெயர்களை எழுதுங்கள். உருப்படிகளின் ராகம், தாளம், இயற்றியவர் விவரத்தை அன்றிரவே குறித்து வையுங்கள். ராகம் தெரியாவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விட்டு, தெரிந்தவரிடம் கேட்டு நிரப்புங்கள். பாடியவருக்கும் பக்கவாத்தியக்காரர்களுக்கும் அனுப்பும்போது, அளவு சுருக்கிய எம்பி3 கோப்பை அனுப்பாமல், வேவ் கோப்பையே அந்தப் பட்டியலோடு சேர்த்து அனுப்புங்கள்.