பணமும் சாவும்: இறப்பு விகிதத்தை வசதிவாரியாக ஒப்பிடும் முறை

தேர்ந்தெடுத்த இடங்களில் பிறப்பு இறப்பைக் கணக்கெடுக்கும் மத்திய அரசின் மாதிரிப் பதிவுத் திட்டத்தின் (எஸ்.ஆர்.எஸ்.) 2020ஆம் ஆண்டுக் கணக்குப்படி, கேரளத்தில் ஆயிரம் பேருக்கு 7 பேர் இறந்தார்கள், பீகாரில் 5.4 பேர்தான். இந்த எண்ணை மட்டும் பார்த்தால் பீகாருக்கே குடிபோய்விடலாம் போலிருக்கும். ஆனால் அதே கணக்கில் சிசு மரண விகிதம், அதாவது உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறப்பவை, கேரளத்தில் 6, பீகாரில் 27. இரண்டும் சரிதான். கேரளத்தில் முதியவர்கள் அதிகம், அதனால் சாவும் அதிகம். ஆகவே வசதியான ஊரையும் ஏழை ஊரையும் ஒப்பிடும்போது முதலில் வயதைச் சரிக்கட்ட வேண்டும்.

ஒரு கற்பனைக் கணக்கு. 'அ' வசதியான வட்டம், 'ஆ' ஏழை வட்டம். இரண்டிலும் ஒரு லட்சம் பேர்.

அ: 60 வயதுக்குக் கீழ் 80,000 பேர், இறப்பு 160 (ஆயிரத்துக்கு 2). 60க்கு மேல் 20,000 பேர், இறப்பு 800 (ஆயிரத்துக்கு 40). மொத்தம் ஆயிரத்துக்கு 9.6.

ஆ: 60க்குக் கீழ் 92,000 பேர், இறப்பு 276 (ஆயிரத்துக்கு 3). 60க்கு மேல் 8,000 பேர், இறப்பு 400 (ஆயிரத்துக்கு 50). மொத்தம் ஆயிரத்துக்கு 6.8.

இரண்டு வயதுப் பிரிவிலும் 'ஆ'வில்தான் சாவு கூடுதல். மொத்தத்தில் மட்டும் அது தலைகீழாகிவிடுகிறது. இரண்டு வட்டங்களுக்கும் பொதுவாக ஒரே வயது அமைப்பை (60க்குக் கீழ் 90%, மேல் 10%) வைத்துப் பெருக்குங்கள். அ: 0.9 × 2 + 0.1 × 40 = 5.8. ஆ: 0.9 × 3 + 0.1 × 50 = 7.7. உண்மைக் கணக்கில் ஐந்தைந்து ஆண்டுகளாகப் பிரிப்பது வழக்கம். சிசு மரணத்துக்கு இந்த வேலை தேவையில்லை, அது ஏற்கெனவே ஒரே வயதுக்கான விகிதம். ஏற்றத்தாழ்வைப் பார்க்க எல்லாரும் முதலில் அதை எடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்தது, இடைவெளியை எப்படிச் சொல்வது என்பது. கழித்தும் சொல்லலாம், வகுத்தும் சொல்லலாம், இரண்டையும் சொல்லுங்கள். இந்தியாவில் 2010இல் சிசு மரண விகிதம் கிராமத்தில் 51, நகரத்தில் 31. 2020இல் 31, 19. கழித்தால் 20 ஆக இருந்தது 12 ஆகக் குறைந்திருக்கிறது. வகுத்தால் 1.65, பிறகு 1.63, அதாவது கிட்டத்தட்ட அப்படியே. முதலாவதைச் சொல்பவர் அரசைப் பாராட்டுவார், இரண்டாவதைச் சொல்பவர் திட்டுவார். ஒன்றை மட்டும் காட்டும் கட்டுரையைச் சந்தேகத்தோடு படிப்பதே நல்லது.

கிராமம், நகரம் என்பது வருமானத்துக்கு மொட்டையான பதிலி. இன்னும் நுணுக்கமாகப் போக தேசியக் குடும்பநல ஆய்வை எடுக்கலாம். அதன் செல்வக் குறியீடு வருமானத்தைக் கேட்டுக் கட்டியதல்ல. டிவி, ஃபிரிட்ஜ், டூவீலர், வீட்டின் தரை, கழிப்பறை, குடிநீர் என்று வீட்டில் இருப்பதை வைத்து மக்களை ஐந்து சம பங்காக்குகிறார்கள். இதில் தடுக்கி விழும் இடங்கள் நான்கு.

கழிப்பறையும் குடிநீரும் குறியீட்டுக்குள்ளேயே இருப்பதால், "வசதியான வீட்டில் வயிற்றுப்போக்கு குறைவு" என்ற முடிவில் ஒரு பகுதி சொன்னதையே திரும்பச் சொல்வதுதான். தாயின் படிப்பை வைத்தும் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். பங்குகள் இந்தியா முழுமைக்கும் வெட்டப்பட்டவை. தமிழ்நாட்டில் கடைசிப் பங்கில், அதாவது மிக ஏழைப் பங்கில், விழும் வீடுகள் குறைவு, அந்த எண் தள்ளாடும். மாநிலத்துக்குள் ஒப்பிட மாநில அளவிலேயே புதிதாகப் பங்கு பிரிக்க வேண்டும். ஏழை வீடுகளில் பிறப்பு கூடுதல் என்பதால் ஐந்து விகிதங்களையும் கூட்டி ஐந்தால் வகுத்துச் சராசரி எடுக்கக் கூடாது; பிறப்பு எண்ணிக்கையால் எடையிடுங்கள், அதாவது பிறப்பு கூடுதலான பங்குக்குக் கூடுதல் மதிப்புக் கொடுங்கள். மூலத் தரவில் வேலை செய்பவர்கள் மாதிரியைச் சரிக்கட்டும் எடைக் காரணியை (தரவில் அதன் பெயர் வி005) 10 லட்சத்தால் வகுத்துப் பயன்படுத்த வேண்டும், எடையிடவே மறந்தால் எல்லா விகிதமும் சாயும்.

முதல் பங்கையும் கடைசிப் பங்கையும் மட்டும் ஒப்பிட்டு நிறுத்தவும் வேண்டாம். 1967இல் லண்டனில் தொடங்கிய வைட்ஹால் ஆய்வில் இருந்தவர்கள் எல்லாரும் அரசு ஊழியர்கள், யாரும் பட்டினி கிடந்தவர்கள் அல்ல. அங்கேயும் கடைநிலை ஊழியர்களின் இறப்பு விகிதம் உயர் அதிகாரிகளுடையதைப் போல் சுமார் மூன்று மடங்கு. இடையில் இருந்தவர்கள் படிப்படியாக இடையிலேயே இருந்தார்கள். புகைபிடித்தல், ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் வித்தியாசத்தின் பெரும்பகுதி மிஞ்சியது. எனவே ஐந்து பங்கையும் வரைபடமாகப் போடுங்கள்: வசதியான பங்கிலிருந்து ஏழைப் பங்குக்குப் போகும்போது இறப்புக் கோடு படிப்படியாக ஏறுகிறதா, கடைசிப் பங்கில் மட்டும் செங்குத்தாக எகிறுகிறதா என்று பாருங்கள்.

காரணத்துக்குப் போகும்போது குழந்தை இறந்த நாளைப் பிரித்துப் பார்ப்பது உதவும். முதல் 28 நாட்களுக்குள் என்றால் பெரும்பாலும் பிரசவம், எடைக்குறைவு, பச்சிளங்குழந்தைப் பராமரிப்பு. அதற்குப் பிறகு என்றால் நிமோனியா, வயிற்றுப்போக்கு, ஊட்டக்குறைவு என்று வீட்டுப் பக்கம் திரும்ப வேண்டும். பெரியவர்களிடம் அம்பு எதிர்த்திசையிலும் பாயும்: நோயே குடும்பத்தை ஏழையாக்கும். 2021-22இல் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4% மக்கள் நேராகக் கையிலிருந்து கொடுத்தது.

மாவட்ட இறப்புப் பதிவேட்டை எடுப்பவர்களுக்கு: சாவு நடந்த இடத்தில்தான் அது பதிவாகும். வெளியூரிலிருந்து சென்னைக்குச் சிகிச்சைக்கு வந்து இறந்தவர் சென்னைக் கணக்கில் ஏறுவார். சொந்த ஊர்க் கணக்கு குறைந்து தெரியும். நிரந்தர முகவரி வாரியாகப் பிரித்துக் கேளுங்கள். இறப்புக் காரணத்தை மட்டும் அதிகம் நம்ப வேண்டாம். 2020இல் பதிவான இறப்புகளில் 22.5%க்குத்தான் மருத்துவர் சான்றளித்த காரணம் இருந்தது. அவை பெரும்பாலும் ஆஸ்பத்திரிச் சாவுகள். வீட்டில் இறந்த ஏழை அந்தப் பட்டியலில் அநேகமாக இருக்கமாட்டார்.