தினமும் கொஞ்சம் கதை எழுதப் பழகுவது எப்படி?

கதை எழுத ஆசைதான், ஆனால் உட்கார்ந்தால் ஒன்றுமே வரமாட்டேன் என்கிறது என்று புலம்புகிறவர்களில் பெரும்பாலானோருக்குக் கற்பனைக்குப் பஞ்சமில்லை. எதை எழுதுவது என்று முடிவு செய்வது, எழுதுவது, எழுதியதைத் திருத்துவது என மூன்று வேலைகளையும் ஒரே மூச்சில் செய்யப் பார்க்கிறார்கள், அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். அந்த மூன்றையும் எப்படிப் பிரிப்பது என்றுதான் கீழே சொல்லப் போகிறேன்.

படி 1: ஒரு வேலையோடு முடிச்சுப் போடுங்கள்

'நேரம் கிடைக்கும்போது எழுதலாம்' என்றால் நேரம் கிடைக்கவே கிடைக்காது. பல் துலக்குவது, சாப்பிட்ட தட்டைக் கழுவி வைப்பது என்று நீங்கள் தினமும் தவறாமல் செய்கிற ஒன்றைப் பிடித்து, 'அது முடிந்ததும் நோட்டைத் திறப்பேன்' என்று எழுதி வையுங்கள். இப்படி 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்வது நினைத்ததைச் செய்து முடிக்க உதவுகிறது என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-இல் ஒரு கட்டுரையில் விளக்கியிருக்கிறார்.

படி 2: பத்து நிமிடம் போதும்

டைமர் வையுங்கள். போனில் வைத்தால் இணையத்தை அணைத்துவிட்டு வையுங்கள், இல்லாவிட்டால் பத்து நிமிடமும் வேறெங்கோ போய்விடும். 19-ஆம் நூற்றாண்டு நாவலாசிரியர் ஆந்தனி டிரோலப், தபால் துறையில் வேலை பார்த்துக்கொண்டே, விடியற்காலையில் கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள் என்று எழுதினாராம். ஆரம்பிக்கிறவர்களுக்கு அந்தக் கணக்கு வேண்டாம், பயந்து ஓடிவிடுவோம்.

படி 3: துணுக்குகளை முதலில் சேருங்கள்

எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம் என்பேன். எழுதும் நேரத்தில் 'என்ன எழுதலாம்' என்று யோசிக்கவே கூடாது. அதற்காக நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒற்றை வரித் துணுக்குகளாகக் குறித்துக்கொண்டே வாருங்கள். 'தனிமை', 'காதல்' என்றெல்லாம் எழுதினால் ஒன்றும் நகராது; ஒரு ஆள், ஒரு இடம், கொஞ்சம் இடக்கு, இந்த மூன்றும் வரியில் இருக்க வேண்டும். உதாரணத்துக்கு ஒன்று:

'லிஃப்டில் இரண்டு பேர் மாட்டிக்கொள்கிறார்கள். ஒருவர் மட்டும் அலாரத்தை அழுத்த விடமாட்டேன் என்கிறார்.'

இதை வைத்தே ஒரு வாரம் ஓட்டலாம். முதல் நாள் இருவரும் பேசுவதை மட்டும் எழுதுங்கள், வர்ணனை எதுவும் வேண்டாம். மறுநாள் அலாரத்தை அழுத்த விடாதவரின் மனதுக்குள் போய் 'நான்' என்று எழுதுங்கள். அவர் ஏன் அப்படிச் செய்கிறார் என்பது எழுத ஆரம்பிக்கும்போது உங்களுக்கே தெரிந்திருக்க வேண்டியதில்லை. அப்புறம் அவர் பையில் என்ன இருக்கிறது, வெளியே யார் காத்திருக்கிறார்கள், லிஃப்ட் கிளம்பியதும் முதலில் யார் பேசுகிறார்கள் என்று ஒரு நாளைக்கு ஒன்றாக எடுத்துக்கொள்ளுங்கள். கதை சேர்ந்தால் சரி, சேராவிட்டாலும் ஏழு நாள் எழுதியாகிவிட்டது.

படி 4: கை நிற்கக் கூடாது

டைமர் ஒலிக்கும்வரை எழுதியதை அடித்துவிடாதீர்கள், திருத்தாதீர்கள், மேலே போய்ப் படிக்காதீர்கள். சொல் வராவிட்டால் கடைசியாக எழுதிய சொல்லையே திரும்பத் திரும்ப எழுதுங்கள். நாலாவது தடவை மனதுக்கே அலுத்துப்போய் வேறொன்றைத் தள்ளிவிடும்.

படி 5: தெரிந்த இடத்தில் நிறுத்துங்கள்

அடுத்து என்ன நடக்கும் என்பது தெரிந்திருக்கும்போதே அன்றைக்கு நிறுத்திவிடுவது அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வேயின் வழக்கம். வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டுக்கூட எழுந்திருக்கலாம், மறுநாள் அதை முடிக்க உட்கார்ந்தாலே எழுத்து தொடங்கிவிடும்.

படி 6: ஒரு நாள் விட்டுப்போனால்

21 நாளில் பழக்கம் ஒட்டிக்கொள்ளும் என்று எங்கு பார்த்தாலும் சொல்கிறார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில் (2010-இல் இதழில் அச்சானது) சராசரியாக 66 நாட்கள் ஆகும் என்று தெரிந்தது, அதுவும் ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள்வரை மாறியது. நடுவில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு இல்லை என்றும் அதில் கண்டார்கள். எனவே விட்டுப்போன நாளுக்காக மறுநாள் இருபது நிமிடம் எழுத வேண்டாம், வழக்கமான பத்தே போதும்.

படி 7: வாரம் ஒருமுறை படியுங்கள்

எழுதும் நாட்களில் பழையதைப் புரட்டாமல், வாரக் கடைசியில் மட்டும் மொத்தமாகப் படியுங்கள். நல்ல வரி என்று தோன்றினால் அடிக்கோடு போட்டு, அதைக் கடைசிப் பக்கத் துணுக்குகளோடு சேர்த்துவிடுங்கள். திருத்தி முழுக் கதையாக்க நினைத்தால் அதற்குத் தனி நேரம் ஒதுக்குங்கள், இந்தப் பத்து நிமிடத்தில் கை வைக்காதீர்கள்.