‘பை’ என்ற இரண்டெழுத்து ஆங்கிலச் சொல்லை எங்கே, எப்படிப் போடுவது?

பி, ஒய் என்று இரண்டே எழுத்துதான். ஆனால் ஆங்கிலத்தில் மெயில் அடிக்கும்போது நம்மில் பலர் தடுமாறுவது இந்தப் ‘பை’யில்தான். தமிழில் ‘ஆல்’, ‘இல்’, ‘உள்’, ‘ஓரம்’ என்று பிரித்துச் சொல்வதையெல்லாம் ஆங்கிலம் இந்த ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறது. அதனால் ‘பை’க்கு என்ன பொருள் என்று தேடாமல், அதற்கு அடுத்து என்ன வருகிறது என்று பாருங்கள்.

நாளோ மணியோ வந்தால் அது கெடு. ‘ஃபினிஷ் இட் பை மண்டே’ என்றால் திங்கட்கிழமைக்குள் முடித்துவிடு என்று பொருள். சனிக்கிழமையே முடித்தாலும் சரி, திங்கள் தாண்டக் கூடாது. ‘டில் மண்டே’ வேறு. திங்கள் வரை அந்த வேலை நடந்துகொண்டே இருக்கும். ‘பிளீஸ் சென்ட் தி ஃபார்ம் டில் ஃப்ரைடே’ என்று எழுதினால், வெள்ளி வரை படிவத்தை அனுப்பிக்கொண்டே இருக்கச் சொன்னதாகிவிடும். வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘வரை’ பொருந்தினால் டில், ‘உள்’ பொருந்தினால் பை.

இந்தச் சோதனை ஓரிடத்தில் காலை வாரிவிடும். ‘மூன்று நாளுக்குள்’ என்பதிலும் ‘உள்’ இருக்கிறது, ஆனால் ‘பை த்ரீ டேஸ்’ தவறு. அங்கே ‘வித்இன் த்ரீ டேஸ்’. காலண்டரிலோ கடிகாரத்திலோ விரல் வைத்துக் காட்ட முடிகிற நேரமென்றால்தான் பை.

‘பை தி டைம் வீ ரீச்ட், தி டிரெயின் ஹேட் லெஃப்ட்’ என்பதும் இதே குடும்பம்தான்: நாங்கள் போய்ச் சேர்வதற்குள் ரயில் கிளம்பிவிட்டது. முதலில் நடந்தது ரயில் கிளம்பியது என்பதால் அதற்குத்தான் ‘ஹேட்’.

ஆள் வந்தால் ‘ஆல்’. ‘ரிட்டன் பை குமார்’ என்றால் குமார் எழுதியது. கருவிக்கும் தமிழில் ‘ஆல்’தான் (கத்தியால் வெட்டினான்), பிழை பிறப்பதே இங்கேதான். கருவிக்கு ‘வித் எ நைஃப்’ என்று வர வேண்டும். செய்யும் முறையைச் சொன்னால் வினையோடு ‘இங்’ சேர்க்க வேண்டும்: ‘பை பிரஸ்ஸிங் தி பட்டன்’. ‘பை பிரஸ்’ என்று நிறுத்தக் கூடாது.

வண்டியென்றால் ‘பை பஸ்’, ‘பை டிரெயின்’. நடுவில் ‘தி’, ‘மை’ எதுவும் கூடாது. சொந்தக் காரில் போனால் ‘இன் மை கார்’. நடந்து போவது ‘ஆன் ஃபுட்’, ‘பை வாக்’ அல்ல. ‘பைஹார்ட் பண்ணு’ நம் பள்ளிக்கூட வழக்கு. வெளியில் எழுதும்போது ‘லேர்ன் இட் பை ஹார்ட்’ என்று எழுதுங்கள்.

எண் வந்தால் நிதானம் தேவை, பணம் சம்பந்தப்பட்டது. வாடகை 8,000 ரூபாய் என்று வையுங்கள். ‘இன்கிரீஸ்டு பை 500’ என்றால் 500 கூடி 8,500 ஆகும். அதையே ‘டு’ போட்டுச் சொல்வதானால் ‘இன்கிரீஸ்டு டு 8,500’ என்று எழுத வேண்டும். ‘இன்கிரீஸ்டு டு 500’ என்று கை தவறி எழுதினால், வாடகை 500 ரூபாய் ஆகிவிட்டதாகத்தான் பொருள்.

‘10 பை 12 ரூம்’ என்பது பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. பெருக்கினால் 120 சதுர அடி. ஆனால் கணக்கு வகுப்பில் ‘10 பை 2’ என்றால் நாம் வகுத்து 5 என்போம். வெளிநாட்டவரிடம் ‘10 டிவைடட் பை 2’ என்று முழுசாகச் சொல்லுங்கள். சென்னை, பெங்களூரு ஹோட்டல்களில் கேட்கிற ‘ஒன் பை டூ காபி’யும் இந்த வகுத்தல்தான். அங்கே சர்வர் ஒரு காபியை இரண்டு டம்ளரில் ஊற்றிக் கொண்டுவருவார். லண்டனில் அப்படிக் கேட்டால் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.