ஊட்டியில் பருப்பு வேகவில்லையா? அடுப்பைக் கூட்டாதீர்கள்

கோயம்புத்தூரிலிருந்து ஊட்டிக்குக் குடிவந்த புதிதில், திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு தளதளவென்று கொதித்துக்கொண்டே இருக்கும். ஒன்றை எடுத்து விரலிடுக்கில் நசுக்கினால், மேலே குழைந்து நடுவில் கல்லாக நிற்கும். பருப்பைக் குறை சொல்லாதீர்கள்.

ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் 92, 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். கொடைக்கானலிலும் ஏறக்குறைய இதே கதைதான். கொதி வந்தபின் எவ்வளவு தீ வைத்தாலும் சூடு ஏறாது. அந்த வெப்பமெல்லாம் நீரை ஆவியாக்கவே போய்விடும். தண்ணீர் வற்றும், கேஸ் தீரும், பருப்பு அப்படியே இருக்கும்.

அதனால் இங்கே குக்கர்தான் கைகொடுக்கும். ஆவியை அடைத்து அழுத்தத்தை ஏற்றுவதால் உள்ளே 115 டிகிரியை ஒட்டிப் போகும். முதல் விசில் வந்ததும் சிம்மில் வைத்து, கீழே சமவெளியில் வைப்பதைவிட ஐந்து நிமிடம் கூடுதலாக விடுங்கள். காய்ந்த பட்டர் பீன்ஸ், கொண்டைக்கடலை என்றால் இரவே வெந்நீரில் ஊறப்போடுங்கள். மார்கழிக் குளிரில் பச்சைத்தண்ணீரில் சரியாக ஊறாது.

சாதத்தையும் குக்கரிலேயே வையுங்கள். வடித்துச் சாப்பிடத்தான் பிடிக்கும் என்றால், அரிசியை அரைமணி நேரம் முன்னதாக ஊறவையுங்கள்.