திண்ணையில் எடுக்கும் முகப்படம்: குமரி மாவட்டத்தில் வடக்கு வெளிச்சம் எப்போது உதவும்?

போர்ட்ரெய்ட்டுக்கு வடக்கு வெளிச்சம்தான் நல்லது என்பது ஐரோப்பிய ஸ்டுடியோக்கள் விட்டுச்சென்ற பாடம். அங்கே நடுப்பகல் சூரியன் எப்போதும் தெற்கேதான் நிற்கும்; அதனால் வடக்கு ஜன்னலில் நேர்வெயில் விழாமல் மென்மையான வெளிச்சம் மட்டும் வரும். 1839-ல் பிரெஞ்சுக்காரர் டாகுவேரின் புகைப்பட முறை வெளிவந்தபோது ஒரு படத்துக்குப் பல நிமிடங்கள் பிடித்தன. 1840-ல் கணித அறிஞர் பெட்ஸ்வால் கணக்கிட்ட, நிறைய ஒளியை உள்ளே விடும் எஃப் 3.6 லென்ஸும், நன்றாக ஒளி வாங்கும் தகடுகளும் வந்த பிறகே அது ஒரு நிமிடத்துக்குள் அடங்கியது. அப்போதும் தலை ஆடாமலிருக்கப் பின்னால் இரும்புக் கவட்டை வைத்தார்கள். பழைய படங்களில் சிரித்த முகம் அரிதாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் மாவட்டம் கிடப்பது 8 டிகிரி அட்சரேகையில். ஏப்ரல் இரண்டாம் வாரம் முதல் ஆகஸ்ட் கடைசி வரை நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். ஜூனில் காலையும் மாலையும் வடக்குத் திண்ணையில் சாய்வெயில் ஏறிவிடும். அந்த மாதங்களில் தெற்குத் திண்ணைக்குப் போங்கள்; செப்டம்பருக்குப் பிறகு வடக்குக்குத் திரும்பலாம்.

நாற்காலியை ஓட்டுக் கூரையின் விளிம்பிலிருந்து 3 அடி உள்ளே போடுங்கள். ஆளை முற்றத்துக்கு நேராக உட்கார வைத்தால் முகம் தட்டையாகும். 45 டிகிரி திருப்பினால் மூக்கின் நிழல் கன்னத்தில் மெல்ல விழும், கண்ணில் ஒளிப்புள்ளி தெரியும். 6 அடி தள்ளி நின்று, மொபைலில் 2எக்ஸ் வைத்து எடுங்கள். 1எக்ஸில் கிட்டே போனால் மூக்கு பெருக்கும், காது ஒடுங்கும். கேமரா என்றால் ஃபுல் ஃபிரேமில் (பெரிய சென்சார் உள்ளது) 85 மி.மீ. லென்ஸ், திறப்பு எஃப் 4, ஷட்டர் 1/125 விநாடி. ஐஎஸ்ஓவை (ஒளி உணரும் அளவு) 400-ல் தொடங்கி, போதாவிட்டால் ஏற்றுங்கள். ஃபோகஸ் கேமராவுக்குப் பக்கத்திலிருக்கும் கண்ணில்.

இங்கே அதிகம் கெடுப்பது தரை. சிவப்பு சிமென்ட்டில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் தாடைக்கடியைச் சிவக்க வைக்கும். ஸ்டுடியோவில் திருத்தினாலும் அது முழுசாகப் போகாது. ஆளின் காலடியில் வெள்ளை முண்டு (வேட்டி) ஒன்றை விரித்தால் தீர்ந்தது, கண்ணுக்கடியில் உள்ள நிழலும் தெளியும். (துவர்த்து, அதாவது துண்டு, போதாது; அகலம் வேண்டும்.) டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள்.

பின்னால் இருண்ட அறை இருந்தால் கேமரா ஏமாந்து வெளிச்சத்தைக் கூட்டும். வெள்ளைச் சட்டையில் மடிப்பே தெரியாது. எக்ஸ்போஷர் அளவை மைனஸ் 0.7-க்குக் குறைத்துவிடுங்கள்.

கண்ணாடி போட்டவரின் ஃபிரேம் கம்பியைக் காதுக்கு மேல் கொஞ்சம் தூக்கிவிட்டால் பிரதிபலிப்பு கீழே இறங்கிவிடும்.

சுவரில் மாட்ட 10×12 அங்குலப் பிரிண்டுக்கு 3000×3600 பிக்சல் தேவை. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.