கழுவக் கழுவப் பச்சை ஏறும் குளம்

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறை பக்கத்துப் பங்குனி வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டாம். எங்கள் முற்றத்து மீன் குளம் 8 அடி நீளம், 5 அடி அகலம், 2 அடி ஆழம். ஏறக்குறைய 2,260 லிட்டர் பிடிக்கும். கட்டிய முதல் வருடம் பச்சைப் பெயிண்ட் கரைத்த மாதிரி ஆனது. மொத்தத்தையும் இறைத்தேன், சுவரைத் தேங்காய் நாரால் தேய்த்தேன், போர்த் தண்ணீர் விட்டேன். பத்தே நாளில் பழைய பச்சை.

தேய்த்ததுதான் தப்பு. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கி, அதை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாக்கள் சுவரிலும் கல்லிலும் வழவழவென்று ஒட்டியிருக்கின்றன. அவற்றையும் சேர்த்துக் கழுவிக் கொட்டிவிட்டேன், அம்மோனியா அப்படியே தங்கிப் பாசிக்குத் தீனியாகிவிட்டது. ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் பிழிவதும் இதே வேலைதான். ஒரு வாளி குளத்துத் தண்ணீரிலேயே அலசினால் போதும். வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். பஞ்சாயத்துத் தண்ணீரென்றால் ப்ளீச்சிங் வாடை போக ஒரு நாள் திறந்து வைத்திருந்து விடுங்கள்.

எதையும் வாங்கும் முன் கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் மொண்டு இரவு முழுக்க அசையாமல் வையுங்கள். அடியில் வண்டல் படிந்து மேலே தெளிந்தால் அது வெறும் சேறு. பச்சை அப்படியே நின்றால் மிதக்கும் நுண்பாசி. பாட்டி காலத்தில் பானைக்குள் உரைத்த தேத்தாங்கொட்டை சேற்றைத்தான் படிய வைக்கும். பாசிக்கான தீனி தண்ணீரிலேயே இருக்கும்போது அது என்ன செய்யும்?

அந்தத் தீனியைப் போடுவது பெரும்பாலும் நாமேதான். எங்கள் வீட்டில் மீனைப் பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு பிடி பொரி போடுவார்கள், மிஞ்சிய இட்லியும் விழும். இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று தீர்கிற அளவுக்கு மேல் போட்டால் மிச்சம் அழுகி, கடைசியில் பாசிக்குத்தான் போகும். மாவிலைச் சருகும் அப்படித்தான். பக்கத்துத் தென்னைக்கு வைத்த உரம் மழையோடு வழிந்து வராதபடி கரையை நாலு விரல் உயர்த்திக் கட்டுங்கள்.

சிலர் பாசியைக் கொல்ல மயில்துத்தம் (காப்பர் சல்பேட், செம்பு உப்பு) போடச் சொல்வார்கள். வேண்டவே வேண்டாம். செம்பு மீனுக்கும் விஷம், தண்ணீர் சுண்ணாம்புச் சத்து குறைந்த மென்னீராக இருந்தால் இன்னும் மோசம். தப்பித்த மீனுக்கும் நிம்மதி கிடையாது: ஒரேயடியாகச் செத்த பாசி அழுகும்போது ஆக்சிஜனை இழுத்துவிடும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தால் அதுதான் அறிகுறி. பாசி உயிரோடிருந்தாலும் இரவில் ஆக்சிஜனை எடுக்கத்தான் செய்யும். ஆகவே கரண்ட் பில்லுக்குப் பயந்து ராத்திரியில் பம்பை நிறுத்தாதீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை குளத்துத் தண்ணீர் முழுவதும் சுற்றுகிற அளவு பம்ப் போதும்.

நிழல் இல்லாமல் எதுவும் நிற்காது. அல்லி இலை பாதிக் குளத்தை மூடட்டும். ஆகாயத்தாமரையும் ஆப்பிரிக்கப் பாயல் என்கிற மிதக்கும் களையும் சும்மா கிடைக்கிறதே என்று கொண்டுவராதீர்கள். வாய்க்காலில் ஒரு துண்டு போனால் ஊருக்கே தலைவலி.

நூல் மாதிரிப் படரும் பாசி வேறு சங்கதி. பம்போடு மாட்டும் யூ.வி. (புற ஊதா) விளக்கு மிதக்கும் பாசியைத்தான் அடக்கும், இதை ஒன்றும் செய்யாது. விளக்குமாற்றுக் குச்சியில் இடியாப்பம் போலச் சுற்றி இழுங்கள், கையோடு வரும். வாழை மூட்டில் போட்டால் உரம்.