சிகரெட்டையும் குடியையும் விட வேண்டுமா? முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள்

பதினான்கு வருடம் சிகரெட் பிடித்தவன் நான். வார இறுதிக்கு மட்டும் என்று ஆரம்பித்த குடி, கடைசி மூன்று நான்கு வருடங்களில் வாரத்துக்கு நாலு நாள் என்று வளர்ந்திருந்தது. இரண்டையும் ஐந்து தடவை விட்டிருக்கிறேன். முதல் நான்கு தடவையும் ஒரே கதைதான். ராத்திரி பாக்கெட்டைக் கசக்கிக் குப்பையில் போடுவேன், "இனிமேல் தொட்டால் பார்" என்று எனக்கு நானே சவால் விடுவேன். அதிகபட்சம் ஒன்பது நாள் தாங்கும். ஐந்தாவது தடவை எடுத்த எடுப்பில் எதையும் தூக்கி எறியவில்லை. சட்டைப் பையில் அடங்குகிற மாதிரி ஒரு குட்டி நோட்டு வாங்கினேன். அந்த வழியைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

நமக்கு மன உறுதி போதவில்லை என்று நினைத்துத்தான் பலர் சோர்ந்துபோகிறார்கள். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்குப் பதினைந்து சிகரெட், ஒவ்வொன்றுக்கும் பத்து இழுப்பு என்றாலும், கை 150 முறை வாய்க்குப் போய் வருகிறது. வருடத்துக்கு ஐம்பதாயிரத்துக்கும் மேல். இவ்வளவு ஒத்திகை பார்த்த ஒன்றை ஒரே ராத்திரிச் சபதம் எப்படி நிறுத்தும்?

தொடங்கும் முன்: தினமும் குடிப்பவர்கள் கவனத்துக்கு

சிகரெட்டை இந்த நிமிடமே நிறுத்தினாலும் எரிச்சல் வரும், தூக்கம் கெடும், வீட்டில் சண்டை வரும். பெரும்பாலும் அவ்வளவுதான். குடி அப்படியல்ல. தினமும் நிறையக் குடிப்பவர், காலையில் கை நடுங்கி அது அடங்க ஒரு வாய் தேவைப்படுகிறவர், திடீரென்று முழுசாக நிறுத்தக் கூடாது. கடைசியாகக் குடித்ததிலிருந்து 6 முதல் 24 மணி நேரத்துக்குள் நடுக்கமும் வியர்வையும் படபடப்பும் ஆரம்பிக்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாட்களில் சிலருக்குக் குழப்பம் முற்றி, இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியும். இது உயிரையே எடுத்துவிடக் கூடிய நிலை.

டாக்டரிடம் போனால் நடுக்கத்துக்கும் வலிப்புக்கும் மருந்து கொடுத்து, வைட்டமின் பி1 கொடுத்து, சில நாட்களில் பத்திரமாகக் கரையேற்றிவிடுவார்கள். எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதை அவரிடம் குறைத்துச் சொல்லாதீர்கள்; மருந்தின் அளவே அதை வைத்துத்தான். முன்பு ஒரு தடவை நிறுத்தியபோது வலிப்பு வந்திருந்தால், வீட்டில் முயற்சி செய்யவே வேண்டாம். அந்தக் கட்டம் தாண்டிய பிறகு, கீழே உள்ளதெல்லாம் உங்களுக்கும் பொருந்தும்.

படி 1: ஒரு வாரம் எதையும் விடாதீர்கள், எழுதுங்கள்

வழக்கம்போலப் பிடியுங்கள், குடியுங்கள். ஒரே ஒரு விதி: பற்றவைப்பதற்கு முன், ஊற்றுவதற்கு முன் எழுத வேண்டும். நேரம், இடம், யாருடன், அப்புறம் ஒரு மதிப்பெண். உண்மையாகவே தவிப்பாக இருந்தால் 3. சும்மா கை போனது என்றால் 0. என் நோட்டில் ஒரு நாள் இப்படி இருக்கிறது:

காலை 7.10, பால்கனி, காபியோடு, தனியாக: 3
காலை 10.30, அலுவலக மாடிப்படி, கூட வேலை செய்பவர் கூப்பிட்டார்: 0
பகல் 1.40, சாப்பிட்டதும்: 2
மாலை 4.15, மேலதிகாரியிடம் திட்டு வாங்கிய பிறகு: 3
இரவு 9.00, முதல் பெக், சாப்பிடவில்லை: 2
இரவு 9.20, பெக்கோடு சிகரெட்: (மதிப்பெண் போட மறந்துவிட்டேன்)

வார முடிவில் எண்ணினால் மொத்தம் 97 சிகரெட். அதில் 3 வாங்கியவை 22. பூஜ்யம் வாங்கியவை 41! வேண்டும் என்றுகூடத் தோன்றாமல் ஒரு வாரத்தில் நாற்பத்தொரு சிகரெட் பிடித்திருக்கிறேன். எந்த அறிவுரையும் கொடுக்காத அதிர்ச்சியை அந்த எண் கொடுத்தது. நோட்டு போரடிக்கிறது என்று இந்தப் படியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். மற்ற எல்லாப் படிகளும் இதன் மேல்தான் நிற்கின்றன.

படி 2: அது உங்களுக்கு என்ன வேலை பார்க்கிறது?

இப்போது ஒவ்வொரு வரிக்கும் எதிரே, அந்த நேரத்தில் சிகரெட் அல்லது குடி செய்து கொடுத்த வேலையை எழுதுங்கள். காலை 7.10 உடம்பு கேட்டது. ராத்திரி முழுக்க நிக்கோட்டின் இல்லாமல் இருந்த உடம்பு. 10.30 பழக்கமும் நட்பும். ஆனால் 4.15-ஐக் கொஞ்சம் உற்றுப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது: அங்கே எனக்குத் தேவைப்பட்டது சிகரெட் இல்லை, அந்த அறையை விட்டு வெளியே போக ஒரு சாக்கு. சும்மா எழுந்து போனால் "எங்கே போறே?" என்பார்கள். தம் அடிக்கப் போகிறவனை யாரும் கேட்பதில்லை.

தம் என்ற சொல்லையே பாருங்களேன். தம் கட்டிப் பாடினார் என்றால் மூச்சைப் பிடித்துப் பாடினார் என்று அர்த்தம். தம் அடிக்கிற ஐந்து நிமிடத்தில் நாம் செய்வதும் பாதி அதுதான்: ஆழமாக மூச்சை இழுத்து, மெதுவாக வெளியே விடுகிறோம். நாள் முழுக்க வேறு எப்போதும் அப்படி நிதானமாக மூச்சு விட்டிருக்க மாட்டோம். அதனால் அந்த ஐந்து நிமிட ஓய்வை விட்டுவிடாதீர்கள். எழுந்து போங்கள், வேறு திசையில் நடங்கள், மூச்சை இழுத்து விடுங்கள். புகை மட்டும் வேண்டாம்.

இரவு ஒன்பது மணி பெக், இன்றைய வேலை முடிந்தது என்று எனக்கு அடிக்கிற மணி. கூடவே பசியும் இருந்தது; நோட்டில் குடி வந்த நாட்களிலெல்லாம் "சாப்பிடவில்லை" என்ற வார்த்தையும் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் குளித்து உடை மாற்றி, ஏழரைக்கே வயிறு நிறையச் சாப்பிட ஆரம்பித்தேன். நம்ப முடியாத அளவுக்கு அது உதவியது.

படி 3: நீங்கள் நம்புவது உண்மையா?

மனநிலையை மாற்ற வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எப்படி மாற்றுவது? நம்பிக்கைகளை ஒவ்வொன்றாக எழுதிச் சோதித்துப் பார்ப்பதுதான் எனக்குத் தெரிந்த வழி.

"சிகரெட் டென்ஷனைக் குறைக்கிறது." இழுத்த பத்து இருபது வினாடிகளில் நிக்கோட்டின் மூளைக்குப் போய்விடுகிறது. ரத்தத்தில் அதன் அளவு சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். குறையக் குறைய எரிச்சல், கவனச் சிதறல், ஒரு நிலைகொள்ளாமை. அடுத்த சிகரெட் அதைத் தணிக்கிறது, நாமும் டென்ஷன் போனது என்கிறோம். உங்கள் பையிலிருந்து எடுத்த காசையே உங்களுக்குக் கைமாற்றாகக் கொடுத்து நல்ல பெயர் வாங்குகிற ஆள் மாதிரி. 4.15-க்கு வந்த திட்டு அப்படியேதான் இருந்தது. போனது நிக்கோட்டின் பசி மட்டும்.

"குடித்தால்தான் தூக்கம் வருகிறது." சீக்கிரம் தூங்க வைப்பது உண்மை. ஆனால் மது உடம்பிலிருந்து இறங்க இறங்க, இரவின் பின்பாதியில் தூக்கம் கலைகிறது. குடித்த இரவுகளில் எத்தனை மணிக்கு விழிப்பு வந்தது என்று எழுதிப் பாருங்கள். எனக்கு மூன்றும் மூன்றரையுமாக வரிசையாக வந்தது.

இன்னொன்று, சொல்லும் விதம். "நான் குடிக்கக் கூடாது" என்றால் யாரோ தடுக்கிறார்கள் என்று ஆகிவிடுகிறது; தடுப்பவர் அசந்தால் குடிக்கலாம். "நான் குடிப்பதில்லை" என்றால் பேச்சு அங்கே முடிந்தது. வாய்விட்டு நாலு தடவை சொல்லிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

படி 4: தேதி குறியுங்கள், நாற்காலியை நகர்த்துங்கள்

இரண்டு வாரத்துக்குள் ஒரு தேதி. நல்ல நாள் பார்க்க வேண்டாம், ஓரளவு அமைதியான வாரமாக இருந்தால் போதும். அதற்கு முந்தின நாளே லைட்டர், ஆஷ்ட்ரே, மிச்சப் பாக்கெட், பாட்டில், கிளாஸ் எல்லாம் வீட்டை விட்டுப் போகட்டும். பத்திரப்படுத்தி வைத்த அவசரச் சிகரெட்டும்தான்.

வியட்நாம் போரில் ஹெராயினுக்கு அடிமையாகித் திரும்பிய அமெரிக்கப் படைவீரர்களை 1970-களில் லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் தொடர்ந்து கவனித்தார். ஊர் திரும்பிய முதல் வருடத்தில் மறுபடியும் அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம்தான். காரணங்கள் பல சொல்லப்படுகின்றன. பழக்கம் பிறந்த சூழலை விட்டு வந்தது அவற்றில் முக்கியமானது. நம்மால் ஊரை மாற்ற முடியாது, நாற்காலியை மாற்றலாம். நான் பால்கனி நாற்காலியை உள்ளே எடுத்து வந்து, காபியைச் சமையலறையில் நின்றபடி குடித்தேன். ஒரு வாரம் அசட்டுத்தனமாகத்தான் இருந்தது.

படி 5: "இப்படி நடந்தால், இதைச் செய்வேன்"

பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் பிரபலப்படுத்திய உத்தி இது. "குறைத்துக்கொள்வேன்" என்று பொதுவாகச் சொல்லாமல், எந்தச் சமயத்தில் என்ன செய்வேன் என்று முன்கூட்டியே முடிவு செய்வது. நோட்டில் 2, 3 வாங்கிய சமயங்களுக்கு மட்டும் எழுதினால் போதும்:

சாப்பிட்டு முடித்தால், உடனே பல் துலக்குவேன்.
திட்டு வாங்கினால், எழுந்து கீழே வரை நடந்துவிட்டு வருவேன்.
யாராவது நீட்டினால், "நான் பிடிப்பதில்லை" என்பேன், காரணம் சொல்ல மாட்டேன்.

காபி பற்றி ஒரு விஷயம். புகை பிடிக்கும்போது அதிலுள்ள தார்ப் பொருட்கள் கல்லீரலைத் தூண்டி, காபியிலுள்ள கஃபீனை வேகமாகக் கரைக்க வைக்கின்றன. சிகரெட்டை நிறுத்தினால் அந்த வேகம் போய்விடும். அதே நாலு காபி உடம்பில் கிட்டத்தட்ட இரண்டு மடங்காக நிற்கும். படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் சிகரெட்டை விட்டதால்தான் என்று நினைப்போம், பாதி காபியால் இருக்கும். நிறுத்திய நாளிலிருந்து காபியைப் பாதியாக்குங்கள். முதல் நான்கு தடவையும் இது எனக்குத் தெரியாது.

படி 6: முதல் சில நாட்கள்

நிக்கோட்டின் இல்லாத தவிப்பு இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சம். பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரங்களில் அடங்கிவிடும். ஒவ்வொரு தவிப்பும் சில நிமிடங்கள்தான். நம்பாவிட்டால் கடிகாரத்தை வைத்து அளந்து பாருங்கள். என்னுடையதில் மிக நீளமானது 6 நிமிடம் 40 வினாடி. ஆலன் மார்லட் என்ற உளவியலாளர் இதை அலை என்பார்: எழும், உச்சிக்குப் போகும், தானாக இறங்கும். அதோடு மல்லுக்கட்டாமல் நெஞ்சிலா, வாயிலா, கையிலா எங்கே தெரிகிறது என்று வேடிக்கை பாருங்கள்.

நிக்கோட்டின் கம், தோலில் ஒட்டுகிற பேட்ச் பயன்படுத்துவதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை. எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட் பிடிப்பவருக்கு 4 மில்லிகிராம் கம், மற்றவர்களுக்கு 2. சாதாரணச் சூயிங் கம் மாதிரி மென்றுகொண்டே இருந்தால் வயிற்றைப் புரட்டும், விக்கல் வரும். மெதுவாக மெல்லுங்கள், காரமாகச் சுர்ரென்றதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வையுங்கள், சுருக்கு அடங்கினால் மறுபடி மெல்லுங்கள். அரை மணி நேரம் வரும். கம்மை வாயில் போடுவதற்குக் கால் மணி நேரம் முன்பிலிருந்து காபியோ குளிர்பானமோ வேண்டாம். இதய நோய் இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்டுவிட்டு ஆரம்பிக்கட்டும். குடிக்கும் ஆசையைத் தணிக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மாத்திரைகளும் உண்டு, டாக்டர் எழுதித் தர வேண்டும்.

எடை கொஞ்சம் கூடும், முதல் வருடத்தில் சராசரியாக நாலைந்து கிலோ. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

படி 7: கூட்டாளிகள்

சிகரெட்டை மட்டும் விட நினைப்பவரும் முதல் ஒரு மாதம் குடியைத் தள்ளிவைப்பது நல்லது. இரண்டாவது ரவுண்டில் விரல் தானாகப் பாக்கெட்டைத் தேடும், அப்போது நோட்டு எங்கே ஞாபகம் வரும்? நண்பர்களை விட வேண்டியதில்லை. பகலில் சந்தியுங்கள், நடக்கப் போங்கள். தவிர்க்க முடியாத விருந்து என்றால், போன உடனே கையில் சோடாவை எடுத்துக்கொள்ளுங்கள். கை காலியாக இருப்பவனைத்தான் எல்லோரும் வற்புறுத்துவார்கள். "டாக்டர் வேண்டாம்னுட்டார்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். "அவருக்குத் தெரியவா போகுது" என்று ஊற்றிவிடுவார்கள்.

படி 8: வழுக்கினால்

நாற்பத்தோராவது நாள் நான் ஒரு சிகரெட் பிடித்தேன். ஒன்று பிடித்ததை விட, பிடித்த பிறகு மனசு சொல்கிற "போச்சு, எல்லாம் போச்சு" தான் ஆபத்து. இதையும் மார்லட் விரிவாக எழுதியிருக்கிறார்: விதியை மீறிவிட்டோம் என்ற குற்ற உணர்ச்சியே மீதிப் பாக்கெட்டையும் காலி செய்ய வைக்கும். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வு ஒன்றில், ஒரு புதுப் பழக்கம் தானாக வர சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18-லிருந்து 254 நாள் வரை. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது பெரிய பாதிப்பை உண்டாக்கவில்லை.

அதனால் மறுபடியும் தேதி குறிக்க உட்காராதீர்கள். மீதியைத் தண்ணீரில் நனைத்துப் போட்டுவிட்டு, அதையும் நோட்டில் ஒரு வரியாக எழுதுங்கள், அதே மாதிரி நேரம், இடம், மதிப்பெண்ணோடு. என் நோட்டில் கடைசி வரி அதுதான்: இரவு 10.40, மாடிப்படி, தனியாக: 0.